படகேறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: வீட்டுக் கணனியும் வைஃபையும்



நம்ம லயங்களில் இப்போது பல வீடுகளில் ஒரு கணனி இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பியதாக இருக்கும், அல்லது செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். பக்கத்திலேயே சிம் போட்டு ஓடும் வைஃபை பெட்டி ஒன்று. ரவுட்டர் என்று சொல்வது அதைத்தான். ஒரு நாள் இது நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கணனியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோகிறோம். அன்றைய பேர் போச்சு. கடையில் "விண்டோஸ் அடிக்கணும்" என்று சொல்லி ஒரு தொகை வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் பழைய கதைதான். பல நேரம் பழுது கணனியில் இருக்கவே இல்லை என்பதுதான் காரணம்.

எங்கே பழுது என்று நாமே கண்டுபிடிக்கும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அதற்கு உங்களை மலையிலிருந்து இறக்கி யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குக் கூட்டிப்போகிறேன். ஊர்காவற்றுறைக்காரர்களுக்குப் பரவாயில்லை, பண்ணைப் பாலம் வழியாக பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் போய்விடலாம். நயினாதீவுக்காரர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். நெடுந்தீவு என்றால் அந்தப் படகுப் பயணமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் படகே இல்லை. அங்கே ஒரு வீட்டில் கணனி நின்றால் அதைத் தூக்கிக்கொண்டு போவது ஒரு முழு நாள் வேலை, உப்புத் தண்ணீர் தெறிக்கும் ஆபத்து வேறு. ஆகவே தூக்குவதற்கு முன் பார்ப்பது அங்கே கட்டாயம். நமக்கும் அது பொருந்தும். நமக்குக் கடலுக்குப் பதிலாக மலை, உப்புக் காற்றுக்குப் பதிலாக மூடுபனி, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கணனியில் ஒரு பக்கம் திறக்க வேண்டுமானால் அந்தச் செய்தி ஒரு சங்கிலியில் பயணம் செய்கிறது. வீட்டு மின்சாரம், கணனி, கணனிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள வைஃபை, பெட்டிக்கும் தொலைபேசிக் கோபுரத்துக்கும் நடுவிலுள்ள அலை, கோபுரத்துக்கு அப்பால் உள்ள உலகம். ஒரு கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: "நெட் இல்லை."

மின்சாரம்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பொது மின்கம்பி வலையோடு சேராத தீவுகள். நீண்ட காலம் அங்கே வெளிச்சம் கொடுத்தது மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகள். இந்தத் தீவுகளுக்குக் கலப்பு மின்நிலையம் அமைக்க 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டு, 2024 மார்ச் 1ஆந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. திட்டத்தில் சொன்ன அளவு: சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், 2,400 கிலோவாட் மணி சேமிக்கும் பெட்டரி. அதற்கும் மேலே, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசலும் உண்டு. இந்தியாவின் நன்கொடை 1 கோடி 10 இலட்சம் டொலர்.

கணனிப் பாடத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். சிறிய மின்பிறப்பாக்கியில் ஓடும் ஊரில் யாராவது ஒரு பெரிய மோட்டாரைப் போட்டால் வோல்ட் ஒரு கணம் இறங்கும். நம்ம நாட்டு அளவு 230 வோல்ட். அது கொஞ்சம் விழுந்தால் மின்விசிறி கவலைப்படாது, எல்.ஈ.டி. பல்பும் காட்டிக்கொடுக்காது. ஆனால் ரவுட்டர் அந்த ஒரு கணத்தில் செத்துப் பிழைக்கும். செத்துப் பிழைத்தால் கோபுரத்தைத் தேடிப் பிடித்து மறுபடி சேர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். வீட்டில் இருப்பவருக்கு "அடிக்கடி நெட் போகுது" என்றுதான் தெரியும். தோட்டத்தில் கம்பியின் கடைசி முனையில் உள்ள லயங்களில் பொழுதுபட்ட நேரம் நடப்பதும் இதேதான்.

பரீட்சிப்பது சுலபம். நெட் போகும் அந்த நேரம் ரவுட்டரின் லைட்டுகளைப் பாருங்கள். எல்லா லைட்டும் அணைந்து ஒவ்வொன்றாக வந்தால் பழுது மின்சாரத்தில், அல்லது ரவுட்டரின் சார்ஜரில். லைட் எல்லாம் எரிந்தபடியே நெட் மட்டும் போனால் மின்சாரத்தை மறந்துவிடலாம். மின்சாரம்தான் காரணம் என்றால், ரவுட்டருக்கென்றே விற்கிற சின்ன பெட்டரிப் பெட்டி ஒன்று போதும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலத்தில் கொழும்பு வீடுகளிலும் இதைத்தான் தேடி வாங்கினார்கள். வாங்கும்போது ரவுட்டரின் சார்ஜரில் அச்சடித்திருக்கிற வோல்ட்டைப் பார்த்து அதே அளவு கேளுங்கள். ஆட்டோ பெட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்கும் வேலை வேண்டாம். 12 வோல்ட் என்று சொல்லும் பெட்டரி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேலே போகும்.

முழுக் கோடு காட்டுது, ஆனா ஒன்றும் திறக்கவில்லை

இந்த இடத்தில்தான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். நெடுந்தீவு வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"அம்மா, வைஃபை முழுக் கோடு காட்டுது. ஆனா ஒண்டும் திறக்குதில்லை."

"அப்ப கொம்பியூட்டர்தான் பழுதாப் போச்சு போல, தம்பி."

இரண்டு பேரும் தவறவில்லை, கோட்டின் அர்த்தம்தான் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வைஃபை கோடு காட்டுவது உங்கள் கணனிக்கும் மேசையில் இருக்கிற பெட்டிக்கும் உள்ள உறவை மாத்திரம். பெட்டிக்கும் கோபுரத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அது ஒன்றும் சொல்லாது. சிம்மைக் கழற்றி வைத்தாலும் வைஃபை கோடு முழுசாகத்தான் காட்டும். ஒரு தரம் செய்து பாருங்கள், பிறகு மறக்காது.

ஆகவே பரீட்சை இப்படி. அதே வைஃபையில் ஒரு கைத்தொலைபேசியைச் சேருங்கள். போனில் பக்கம் திறந்து கணனியில் திறக்காவிட்டால் பழுது கணனிப் பக்கம். இரண்டிலும் திறக்காவிட்டால் கணனியைத் தொடவே வேண்டாம், பெட்டி, சிம், கோபுரம் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். இந்த ஒரு பரீட்சை உங்கள் பஸ் காசை மிச்சம் பிடிக்கும்.

பெட்டிப் பக்கம் என்றால் முதலில் அதை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மிச்ச டேட்டாவைப் பாருங்கள். பல பெக்கேஜ்களில் டேட்டா இரண்டாகப் பிரிந்திருக்கும், எந்த நேரத்துக்கும் ஒரு பங்கு, நடு இரவுக்குப் பிறகு பாவிக்க ஒரு பங்கு. "இருபது ஜீபி இருக்கே" என்று நாம் நினைப்பது இரவுப் பங்காக இருக்கும். பகலில் அது கதவைத் திறக்காது. விளம்பரத்தில் இரண்டையும் கூட்டிப் பெரிய எழுத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் நடப்பு அதுதான்.

பெட்டியை எங்கே வைப்பது

நெடுந்தீவைப் பார்த்தவர்கள் அங்குள்ள வேலிகளைச் சொல்வார்கள். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். அப்படித் தடித்த கல் சுவர் அலையை விழுங்கும். லயத்தின் கருங்கல் சுவரும் அப்படியே. தகரம் இன்னும் மோசம், அலையைத் திருப்பி அடித்துவிடும். சாமி படத்துக்குப் பக்கத்தில், அலுமாரிக்குள்ளே, தகரக் கூரையோடு ஒட்டினாற்போல பெட்டியை வைத்தால் அது கோபுரத்தைப் பார்க்காது.

கோபுரம் எந்தத் திசையில் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் பத்து நிமிஷம். தீவில் கடல் திறந்த வெளி, தடுக்க மலை இல்லை. அதனால் தூரக் கோபுரம்கூடச் சிலவேளை கிடைக்கும். ஆனால் கடல் நீர் அலையைப் பிரதிபலிக்கும், வெயில் ஏறிக் காற்று மாறும்போது காலையில் நன்றாக இருந்தது மத்தியானம் ஆடும். நமக்கு எதிர்மாறு. கோபுரம் அடுத்த மலைக்குப் பின்னால் இருந்தால் ஜன்னலால் பயனில்லை, நேராகத் தெரியும் வேறு கோபுரம் எந்தக் கம்பனிக்கு இருக்கிறதோ அந்த சிம்தான் நல்லது. அயல் வீட்டுக்காரரின் போன் எந்த சிம்மில் நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாக்கு நீரிணைக் கரையில் இன்னொரு வேடிக்கை உண்டு. போன் எதிர்க் கரையிலுள்ள இந்தியக் கோபுரத்தைப் பிடித்துவிடும். அங்கே உள்ளவர்கள் போனில் வலையமைப்பைத் தானாகத் தெரிவு செய்ய விடாமல் தங்கள் கம்பனியைத் தாங்களே தெரிந்து வைப்பது நல்லது. ரோமிங் டேட்டாவையும் நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு போவது தெரியாது.

வீட்டுக்குள்ளே கணனிக்கு அலை எட்டாவிட்டால் ரவுட்டரில் இரண்டு பெயர் வருகிறதா என்று பாருங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, அடுத்த காம்பிராவுக்குள் போகத் தயங்கும். கல் சுவர் வீட்டில் முதலாவதைப் பிடியுங்கள்.

பின்னேரம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை எல்லாம் நன்றாக இருந்தும் மெதுவாகத்தான் ஓடும். ஒரு கோபுரத்தை ஊரே பங்கு போடுகிறது. இதற்குக் கடையில் மருந்து கிடையாது. பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சை விண்ணப்பம் போன்றவற்றை விடியற்காலையில் போடுங்கள், கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே. அனுப்பியதும் வரும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிக் கணனிக்குள்ளே

போனில் வருகிறது, கணனியில் மாத்திரம் வரவில்லை என்று வைப்போம். முதலில் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். திகதி பல வருஷம் பின்னால் காட்டினால் பல பக்கங்கள் "இந்த இணைப்பு பாதுகாப்பில்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். பக்கத்தின் பாதுகாப்புச் சான்றுக்குக் காலவரை உண்டு, கணனி அதைத் தன் திகதியோடு ஒப்பிடுகிறது. காரணம் உள்ளே இருக்கிற காசு போன்ற ஒரு சின்ன பெட்டரி. சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்சாரம் அடிக்கடி நின்று கிடக்கும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும். மேசைக் கணனி என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு நாமே மாற்றலாம். இந்த ஒரு காரணத்துக்கு விண்டோஸ் அடித்து ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கணனி எழும்பாமல் பீப், பீப் என்று கத்தினால் தீவிலும் மலையிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது ராம் என்ற நினைவுத் துண்டை. உப்புக் காற்றும் ஈரமும் அதன் பொன்னிறப் பற்களில் படிந்து தொடர்பு விடும். பிளக்கைக் கழற்றி, உலோகத்தில் ஒரு தரம் கை வைத்துவிட்டு, துண்டை எடுத்து அந்தப் பற்களைப் பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதாமல் துணியால் துடைத்து, "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் போய்ச் சேரும். கணனியை வாரம் ஒரு தரமாவது போட்டு ஓட விடுவதும் நல்லது, அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

டேட்டா கண்மூடித் திறப்பதற்குள் தீருகிறதா? விண்டோஸ் பின்னால் இருந்து தன் புதுப்பித்தல்களை இறக்கும். உங்கள் வைஃபையின் அமைப்புக்குள் போய் "மீட்டர்" கணக்குள்ள இணைப்பு என்ற சுவிட்சைப் போட்டால் அது பெரும்பாலும் அடங்கும். மாதம் ஒரு தரம் இரவு டேட்டாவில் அதை இறக்க விடுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் புதுப்பித்தல் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட கணனியில் வங்கி வேலை செய்யாமல் இருப்பது புத்தி.

கொமினிகேசன் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவில் எல்லாம் குறுக்குவழிச் சின்னமாக மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். அது வைரஸ் வேலை. போட்டோக்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றையும் அழுத்தித் திறக்காமல் கழற்றி வையுங்கள். யாராவது "போர்மட் பண்ணினா சரி" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வைரஸை நீக்கி, மறைந்த கோப்புகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்தும் சரிவராவிட்டால்

கம்பனிக்கு அழையுங்கள், தமிழில் பேசக் கேட்கலாம். "நெட் இல்லை" என்று மாத்திரம் சொன்னால் அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். "ரவுட்டர் லைட் எல்லாம் எரிகிறது, இரண்டு போனிலும் திறக்கவில்லை, பகல் டேட்டா மிச்சம் இருக்கிறது, நேற்று நான்கு மணியிலிருந்து இப்படி" என்று சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். கம்பனி கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடும்போது அந்த இலக்கம் தேவைப்படும்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் திரையில் வந்த எழுத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். மேசைக் கணனியாக இருந்தால் திரையையும் விசைப்பலகையையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மாத்திரம் பொலித்தீன் உறையில் போட்டு, அதன் மேல் துணி சுற்றிக் கொண்டுபோங்கள். இடி மின்னல் கூடிய சித்திரை, வைகாசி மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை இருட்டும்போதே சுவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கூரையில் அன்டனா இருந்தால் அதன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். சுவிட்சை மாத்திரம் அணைத்தால் போதாது.