பூச்சுக்குள் மறைவது

அன்புள்ள தம்பிக்கு,

வரைபடம் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தொலைவில், மேற்குப் பார்த்த மனை. தாத்தா பாட்டியில் தொடங்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரை ஆறு பேர். நீ தனியாக எடுத்துச் செய்யும் முதல் வீடு. முகப்புத் தோற்றத்துக்கு நான்கு தாள் வரைந்திருக்கிறாய். கம்பி விவரம் ஒரே தாளில் முடிந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டைல்ஸை வீட்டுக்காரர்கள் நான்கு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுப்பார்கள். பெயின்ட் நிறத்துக்குக் குடும்பமே கூடிப் பேசும். பூச்சுக்குள் மறைந்துபோவதை அவர்களால் பார்க்கவும் முடியாது, அதைப் பற்றிக் கேட்கவும் தெரியாது. அந்தப் பகுதி முழுக்க உன்னை நம்பி விடப்பட்டிருக்கிறது.

முதலில் பிளான். முகப்பில் பூச்சில்லாத கான்கிரீட்டும் பெரிய கண்ணாடியும் வைத்திருக்கிறாய். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோவின் வீட்டுப் படங்கள் உன் மனதில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒசாகாவின் சுமியோஷி பகுதியில் 1976இல் அவர் கட்டிய அந்தச் சின்ன வீட்டை எனக்கும் பிடிக்கும். குறுகிய மனையை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியைத் திறந்த முற்றமாக விட்டுவிட்டார். மழை பெய்தாலும் அந்த முற்றத்தைக் கடந்துதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். அதில் குடியிருக்க ஒப்புக்கொண்டவர்களுக்காகக் கட்டிய வீடு அது. நீ கட்டும் வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி இருக்கிறார். ராத்திரி அவர் எத்தனை முறை எழுந்திருக்கிறார், எந்தப் பக்கச் சுவரைப் பிடித்து நடக்கிறார் என்று கேட்டாயா? அவர் அறையை ஒட்டி உள்ள கழிப்பறைக்கு இரண்டரை அடிக் கதவு போட்டிருக்கிறாய். சக்கர நாற்காலி வந்தால் மாட்டும். மூன்றடியாக்கு.

மேற்கு முகப்பில் பிற்பகல் முழுக்க வெயில் விழும். அந்தப் பக்கத்தில் படிக்கட்டு, போர்ட்டிகோ, சாமான் அறை இருக்கட்டும். கடல் கிழக்கே இருக்கிறது. படுக்கையறைகளைக் கிழக்குப் பக்கம் தள்ளி, எதிரெதிரே ஜன்னல் வைத்தால் கடற்காற்று உள்ளே புகுந்து வெளியேறும். கான்கிரீட் தளம் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில்தான் கீழே இறக்கும். மேல்தளத்துக்குத் தட்டோடோ வெள்ளை டைல்ஸோ பதிக்கும் செலவை இப்போதே மதிப்பீட்டில் சேர்த்துவிடு. கடைசியில் பணம் இல்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான்.

தரைமட்டத்தைப் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதே மாவட்டத்தில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உன் மனை இருக்கும் தெருவில் அப்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று குடியிருப்பவர்களைக் கேள். சுவரில் இன்னும் கறை இருந்தால் டேப் வைத்து அள. பேஸ்மட்டத்தை அதற்கு மேலே எடு. பாட்டிக்காக வாசலில் ஒரு சாய்தளமும் வேண்டும். மனையின் நீளத்தில் அதற்கு இடமிருக்கிறது.

இனி கான்கிரீட். உன் தாளில் எம் 20 என்று எழுதியிருக்கிறாய். உள்ளூரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறது. அதற்குக் குறைந்தது எம் 30 வேண்டும். சிமென்ட் எடையில் தண்ணீர் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும். இந்தக் கவரை ரிங்கின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். சைட்டில் மெயின் கம்பியிலிருந்து அளந்து சரியாக இருக்கிறது என்பார்கள். கடற்காற்றின் உப்பு கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ள கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும். பழைய வீட்டு சன்ஷேடுகளின் அடியில் கம்பி தெரிய நிற்பதை அந்த ஊரிலேயே பார்க்கலாம். பூச்சில்லாத கான்கிரீட் ஆசையை விட வேண்டாம். கடற்காற்று படாத உள்சுவர் ஒன்றில் செய்துகொள்.

50 கிலோ மூட்டைக்கு 0.45 என்றால் 22½ லிட்டர் தண்ணீர். எம்-சாண்டில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் அடங்கும். மிக்ஸரில் நிற்பவர் இன்னும் அரை வாளி ஊற்றுவார், கலவை இளகி ஓடினால் பரப்பச் சுலபம் என்பதால். அவரைத் திட்டாதே. பாண்டைத் தலையில் சுமப்பவர்களின் கஷ்டத்தைக் குறைக்கத்தான் அவர் ஊற்றுகிறார். பிளாஸ்டிசைசர் வாங்கிக் கொடு, கலவை தண்ணீரில்லாமலே இளகும். அதிகமாக ஊற்றிய தண்ணீர் ஆவியான இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும், உப்பு அதன் வழியாகத்தான் உள்ளே போகும் என்று மேஸ்திரியிடம் ஒருமுறை விளக்கிச் சொல். காரணம் தெரிந்த மேஸ்திரி நீ இல்லாதபோதும் காவல் நிற்பார்.

அந்தப் பகுதி போர் தண்ணீர் உப்பு. வாங்கும் லாரித் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் அனுமதி. கலவைக்கு நல்ல தண்ணீரும் க்யூரிங்குக்குப் போர் தண்ணீரும் என்று பிரிப்பார்கள், சம்மதிக்காதே. தளத்தில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்கட்டும். தூண்களை யாரும் கவனிப்பதில்லை. சணல் சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்.

ரூஃப் போடும் நாளில் நீ சன்ஷேடு, பால்கனிப் பக்கம் நில். வெளியே நீண்டு நிற்கும் தளத்தில் இழுவை மேல்பக்கம் இருக்கிறது, ஆகவே கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். முந்தின நாள் மாலை கட்டி முடித்தபோது சரியாகத்தான் இருக்கும். காலையில் பாண்டு சுமந்தவர்கள் அதன்மேல் நாலு நடை நடந்தால் அழுந்தி அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே கான்கிரீட் மூடிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. சென்ட்ரிங் பிரிக்கும்போது தளத்தில் விரிசல் விடலாம், கீழே ஆள் நிற்கும்போது விழவும் செய்யலாம். எனவே மேல்கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகளை நெருக்கமாக வை. நடக்கத் தனியாகப் பலகை போடு. கான்கிரீட் அந்த இடத்துக்கு வரும் நேரத்தில் குனிந்து, மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பார். வைப்ரேட்டர் இரண்டாவது ஒன்று தயாராக இருக்கட்டும், முதலாவது நடுவில் நின்றுபோகும்.

அடுத்தது குழாய். குளியலறைகளை மேலும் கீழும் ஒரே வரிசையில் கொண்டுவா. சுவரைப் பூசும் முன், தளத்தை ஊற்றும் முன், குழாயும் கேபிளும் போகும் ஒவ்வோர் இடத்தையும் டேப்பைப் பிடித்துப் படமெடு. சாவி கொடுக்கும் நாளில் படங்களையும் கம்பித் தாளையும் சேர்த்துக் கொடு. பிற்காலத்தில் அலமாரிக்குத் துளை போட வருகிறவருக்கு அது வேண்டும்.

கம்பித் தாளைத் திருத்தி அனுப்பு. ரூஃப் தேதி முடிவானதும் சொல். முந்தின நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறேன். இருவருமாகக் கம்பியைப் பார்த்த பிறகே கான்கிரீட் போடச் சொல்லலாம்.

அன்புடன்,
அண்ணன்