வாகனத்தின் உள்ளே பொருத்தப்பட்ட பற்றரி: வாயு வெளியேறும் வழி

சில கார்களில் பற்றரி பின்னிருக்கையின் கீழோ பின்புறப் பொருள் அறையிலோ அமைந்திருக்கும். ஈய-அமிலப் பற்றரிக்கு மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் தீப்பற்ற ஒரு பொறியே போதும். ஆகவே பற்றரியின் வாயுத்துளையிலிருந்து வெளியே செல்லும் சிறு குழாய் இன்றியமையாதது. பற்றரியை மாற்றும்போது அதனை மீளப் பொருத்த மறத்தல் எளிதில் நேரும் தவறாகும்.

1. வாயுத்துளை உள்ள பற்றரியையே தெரிவு செய்து, குழாயை இறுகப் பொருத்துக. மறுபக்கத் துளை இருப்பின் அடைப்பானால் மூடுக.

2. குழாய் மடங்காதிருத்தல் வேண்டும். அதன் மறுமுனை வாகனத்துக்கு வெளியே அடைபடாது திறந்திருத்தல் வேண்டும்.

3. மின்னேற்றும்போது கதவுகளைத் திறந்து வைக்கவும், அருகில் புகைபிடித்தலாகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கவ்விகளைக் கழற்றுக.

அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால் மின்னேற்றத்தை நிறுத்தி, விலகி நின்று, தகுதி பெற்ற வாகனத் திருத்துநரை அழைக்கவும்.