நாரைப் படி, பிறகு நொதியை வாங்கு

தியாகதுருகம் பக்கம் வெண்பன்றிப் பண்ணை தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் முக்கால் பங்கு வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் விலை ஏறும்போது தவிடு, திப்பி (மரவள்ளிச் சக்கை) என்று மலிவான சரக்கின் பக்கம் கை போவது இயல்புதான். உன் ஊருக்கு அது வாய்ப்பும்கூட. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி விளைகிறது. சின்னசேலம், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் திப்பி கிடைக்கிறது. இந்தச் சரக்கில் நார் அதிகம், அதைச் செரிக்க வைக்க நொதி கலந்துகொள் என்பார்கள். கலக்கலாம். ஆனால் எந்த நாருக்கு எந்த நொதி என்று தெரியாமல் கலந்தால், செலவுக் கணக்கில் ஒரு வரி கூடுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

மாவுச்சத்தை உடைக்கும் நொதி பன்றிக்குத் தானே சுரக்கிறது. செல்லுலோஸ், அராபினோசைலான் போன்ற நார்ப்பொருள்களை உடைக்கும் நொதி சுரப்பதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை ஓரளவு நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாகத் தருகின்றன. ஆனால் சிறுகுடலில் குளுக்கோஸாக உறிஞ்சப்படும் சக்தி அளவுக்கு அது உடம்பில் ஒட்டுவதில்லை. தவிர, தானியத்தின் செல்சுவர் தனக்குள் இருக்கும் மாவையும் புரதத்தையும் அடைத்து வைத்திருக்கிறது. அராபினோசைலானை வெட்டும் நொதியான சைலனேஸ் அந்தச் சுவரை உடைக்கிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்ப்பது பைட்டேஸ். செரிக்காமல் சாணத்தோடு வெளியேறிய பாஸ்பரஸ் மண்ணையும் நீரையும் கெடுத்ததால் நெதர்லாந்தில் 1991இல் பைட்டேஸ் விற்பனைக்கு வந்தது; இன்று கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் என்பது வழக்கமான அளவு.

இனி உன் சரக்கைப் பார். கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, மாவுப்பாலைச் சல்லடையில் வடித்த பின் மேலே தங்குவது திப்பி. உலர்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து மிஞ்சியிருக்கும். புரதம் மிகக் குறைவு. அதன் நார் பெரும்பாலும் பெக்டினும் செல்லுலோஸும். அங்கே வெறும் சைலனேஸுக்குப் பெரிய வேலை இல்லை. தவிட்டுக்கோ சைலனேஸ் பொருந்தும், அது உண்மையான தவிடாக இருந்தால். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கு. மேலே மிதந்து நிற்பது உமி. உமியின் லிக்னினையும் சிலிக்காவையும் எந்தத் தீவன நொதியும் கரைக்காது. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்து நார், புரத அளவைத் தெரிந்துகொள்.

பன்றிகளில் நடந்த சோதனைகளில் பலன் ஒரே சீராக வரவில்லையே என்று கேட்பாய். உண்மைதான். செரிமானம் கூடியதாகக் காட்டும் ஆய்வுகள் பல; அதே அளவுக்கு எடை கூடியதாகக் காட்டுபவை குறைவு. நாருக்குப் பொருந்தாத நொதியைத் தேர்வது ஒரு காரணம். ஏற்கெனவே நிறைவாக இருக்கும் தீவனத்தின் மேல் நொதியைத் தூவுவது இன்னொன்று. தேவைக்கு மேல் சக்தி இருக்கும் தீவனத்தில் கூடுதலாக விடுவிக்கப்படும் சக்தி எடையாகத் தெரியாது. நொதியால் கிடைக்கும் அளவுக்கு விலை உயர்ந்த மக்காச்சோளத்தைக் குறைத்தால்தான் லாபம் உன் கைக்கு வரும். ஆனால் தீவனத்தில் இல்லாத புரதத்தை நொதி உண்டாக்காது. திப்பியைக் கூட்டினால் பிண்ணாக்கையும் கூட்டத்தான் வேண்டும்.

தீவனத்தை ஊறவைத்தாலே போதுமே என்பது அடுத்த கேள்வி. பாதி சரி. கோதுமைத் தவிட்டில் பைட்டேஸ் இயற்கையாகவே உண்டு, ஊறினால் அது வேலை செய்யும். அரிசித் தவிட்டிலும் திப்பியிலும் அந்த வசதி குறைவு. கிழங்கையும் ஓட்டல் கழிவையும் வேகவைத்தே போட வேண்டும், அதை விட்டுவிடாதே. நொதியை மட்டும் ஆறிய பிறகு சேர். கொதிக்கும் கூழில் விழுந்தால் அது செத்துப்போகும். டன்னுக்குச் சில நூறு கிராம்தான் என்பதால் முதலில் ஒரு கிலோ தவிட்டில், பிறகு பத்துக் கிலோவில், அதன் பிறகே மொத்தத்தில் கலக்க வேண்டும்.

எல்லாப் பன்றிக்கும் நார் பகையல்ல என்பதையும் மறக்காதே. சினைப்பன்றிக்கு நார் வயிறு நிறைந்த அமைதியைத் தரும். வளர்ந்த பன்றி நாரைக் குட்டியைவிட நன்றாகவே நொதிக்க வைக்கும். ஆகவே நொதிக்குச் செலவிடுவதாக இருந்தால் வளரும் பன்றிகளுக்குச் செலவிடு. ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சம எடையில் இரண்டு கொட்டிலாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் நொதி சேர்த்து, ஆறு வாரம் தீவனத்தையும் எடையையும் எழுதி வை. ஒரு கிலோ எடை கூட ஆன தீவனச் செலவு எந்தக் கொட்டிலில் குறைவோ, அதுவே உனக்கான விடை. மனிதர் உண்ணும் தானியத்தோடு போட்டியிடாமல், ஆலை ஒதுக்கியதை இறைச்சியாக்கும் தொழில் உன் வட்டாரத்தில் நிலைக்க, விற்பவரின் விளம்பரத்தைவிட உன் எடைக் கணக்குதான் துணை நிற்கும்.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒருவன்