'ங்க' இல்லாத மொழியில் அறிவுரை

அன்புள்ள கயல்,

வகுப்பைப் பற்றிக் கருத்துக் கேட்ட பேராசிரியருக்கு நீ எழுதிவைத்திருக்கும் மின்னஞ்சலைப் படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 'யூ மஸ்ட் கிவ் மோர் எக்ஸாம்பிள்ஸ்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. 'இன்னும் கொஞ்சம் உதாரணம் சொல்லணும் சார்' என்பதுதான் உன் மனதில் இருந்திருக்கும். ஆங்கிலத்தில் அது மேலிடத்து உத்தரவு போல ஒலிக்கிறது.

தமிழில் ஒரு 'ங்க' சேர்த்தால் பாதி மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் தாத்தாவும் 'யூ', தம்பியும் 'யூ'. அதனால் அறிவுரை சொல்லும்போது 'ங்க'வின் வேலையைப் பெரும்பாலும் துணைவினைகள்தான் பார்க்கின்றன. பள்ளியில் 'மோடல் வெர்ப்ஸ்' என்று மனப்பாடம் செய்தாயே, அவைதான்.

பிரிட்டனில் 1931 முதல் வெளிவரும் 'ஹைவே கோட்' என்ற சாலைவிதிப் புத்தகத்தைப் பார். அதில் 'மஸ்ட்' என்று வந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்று வந்தால் அறிவுரை. அதைக் கேட்காதது மட்டுமே குற்றமாகாது, ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் அதை எடுத்துக்காட்டலாம். அன்றாடப் பேச்சிலும் எடை ஏறக்குறைய இதுதான். சிநேகிதியிடம் 'இந்த பிரியாணியை யூ மஸ்ட் ட்ரை' என்றால் மட்டும் அது அன்பு.

இதில் நானும் அடிபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'இன்னைக்கே கையெழுத்துப் போட்டா நல்லது சார்' என்று நினைத்து, 'யூ ஹேட் பெட்டர் ஸைன் திஸ் டுடே' என்று சீட்டெழுதிக் கோப்பின் மேல் வைத்தேன். மேலாளர் கூப்பிட்டார். "போடலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். 'பெட்டர்' இருக்கிறதே என்று நம்பிவிட்டேன். அது எச்சரிக்கை, 'இல்லாவிட்டால் பார்' என்ற மிச்சப் பாதி உள்ளே ஒளிந்திருக்கிறது. மழையில் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்லலாம். நான் மேலாளரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

'வேண்டாம்' என்பதிலும் இதே வம்புதான். சிரமப்பட வேண்டாமே என்று நினைத்து விருந்தாளியிடம் 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால், வாசலிலேயே மறித்த மாதிரி ஆகிவிடும். அங்கே 'டோன்ட் ஹேவ் டு' போதும். நடந்து முடிந்ததற்கு 'ஷுட் ஹேவ்' சொன்னால் அது அறிவுரை இல்லை, குத்திக்காட்டல். 'நேத்தே கேட்டிருக்கணும்' என்று நம் வீட்டில் சொல்வார்களே, அந்த ரகம்.

இப்போது உன் வரிக்கு வருவோம். 'பெர்ஹாப்ஸ் யூ குட் கிவ் அஸ் மோர் எக்ஸாம்பிள்ஸ்' என்று மாற்றிப் பார். இந்தக் 'குட்' நல்லது என்ற 'குட்' அல்ல, 'கேன்' என்பதன் இறந்தகால உருவம். உருவம்தான் இறந்தகாலம், பேசுவது இனி நடக்க வேண்டியதைப் பற்றி. ஓரடி பின்னால் தள்ளி நின்று, முடிவை அவர் கையில் விட்டுப் பேசுகிற பணிவு அது. நம் 'சொல்லலாமே சார்' என்பதன் 'லாமே' அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாமே.

அன்புடன்,
மாமா