காற்றுள்ள ரயரா, காற்றில்லா ரயரா?

மின் சைக்கிள் பாவிப்போருக்கு ஒரு பாடம்

விடிகாலை ஐந்தரை மணி. கரியரில் பால் கானைக் கட்டிக்கொண்டு ஒரு தாய் மின் சைக்கிளில் புறப்படுகிறார். பால் சேகரிக்கும் இடம் 12 கிலோமீற்றர் தூரம். பாதி வழி கிறவல் வீதி. நடுவழியில் பின் சக்கரம் தொம் தொம் என்று அடிக்கத் தொடங்குகிறது. காற்றுப் போய்விட்டது. பக்கத்தில் சைக்கிள் கடை இல்லை. வெயில் ஏறுமுன் பால் போய்ச் சேராவிட்டால் அன்றைய உழைப்பு வீண்.

இப்படி இரண்டு தடவை நடந்துவிட்டால், "அக்கா, காற்றே அடிக்கத் தேவையில்லாத ரயர் இருக்குது, போட்டு விடட்டுமா?" என்று கடைக்காரத் தம்பி கேட்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆம் என்று சொல்லுமுன் சில விடயங்களை அறிந்துகொள்வது நல்லது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது சைக்கிளின் அருமையை நாம் எல்லோரும் உணர்ந்தோம். மின் சைக்கிள் இன்று பலருக்குப் பிழைப்பின் கருவி. அதன் ரயரைத் தெரிவு செய்வது சிறிய விடயமல்ல.

காற்று ஏன் வந்தது?

காற்றில்லாத ரயர் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அதுதான் பழையது. முதற் சைக்கிள்களுக்கு இரும்புப் பட்டமும், பின்னர் திண்ம இறப்பரும் போடப்பட்டிருந்தன. ஓடுபவரின் உடம்பு முழுவதும் குலுங்கும். 1845இல் றொபேட் தொம்சன் என்பவர் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். ஆனால் அது பரவவில்லை. பின்னர் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் டன்லொப், தமது மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்குக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைப் பொருத்திப் பார்த்தார். 1888இல் அதற்கு உரிமம் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் சைக்கிள் உலகம் முழுவதும் காற்றுக்கு மாறிவிட்டது. காற்று அடித்தால் வண்டி குலுங்காமலும் இலகுவாகவும் ஓடியதே காரணம்.

திண்ம ரயர் பிரயோசனமற்றது என்பது இதன் பொருளல்ல. 1876இல் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட எமது நாடு, இன்று பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உற்பத்தி செய்து உலகுக்கு அனுப்புவதில் முன்னணியில் நிற்கிறது. அந்த வண்டிகள் பெரும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு மட்டமான தரையில் மெதுவாக ஓடுபவை. ஆணியும் தகரத் துண்டும் கிடக்கும் இடத்தில் திண்ம ரயரே அவற்றுக்குச் சிறந்தது. ஆகவே எது நல்லது என்பதல்ல, எந்த வேலைக்கு எது நல்லது என்பதே கேள்வி.

காற்றில்லா ரயரின் வகைகள்

முதலாவது, முழுவதும் இறுகிய இறப்பர். இரண்டாவது, பஞ்சு போன்ற நுண்ணிய குமிழ்கள் நிறைந்த செயற்கைப் பொருளால் வார்க்கப்பட்டது. மூன்றாவது, பக்கங்களில் தேன்கூடு போலத் துவாரங்கள் விடப்பட்டது. இவை தவிர, சாதாரண ரயரின் உள்ளே ரியூப்புக்குப் பதிலாக வைக்கும் திண்ம வளையமும் உண்டு.

இவற்றின் நன்மை தெளிவானது. முள் குத்தினாலும் காற்றுப் போகாது, பம் தேவையில்லை, முன் சக்கரம் திடீரெனக் காற்றிறங்கி விழும் ஆபத்தும் இல்லை.

தீமைகள் கடையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாதவை. காற்று ஒரு நல்ல வில். கல்லில் ஏறும்போது அமுங்கி, வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. திண்மப் பொருள் அமுங்கும்போது சக்தியின் கூடிய பங்கு அதனுள்ளேயே வெப்பமாகிப் போய்விடுகிறது. இதனால் சக்கரம் உருள்வதற்கு உள்ள தடை பொதுவாகக் கூடுகிறது. அதிர்ச்சி றிம்மிலும் கம்பிகளிலும் ஓடுபவரின் முதுகிலும் இறங்குகிறது. பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்க முடிவதுபோல, திண்ம ரயரின் இறுக்கத்தை மாற்ற முடியாது. சில ரகங்கள் ஈர வீதியில் வழுக்கவும் கூடும். றிம்மின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் வளைவில் கழன்றுவிடும். அதனைப் பூட்டுவதும் கழற்றுவதும் கடினம்.

மின் சைக்கிளில் என்ன வேறுபாடு?

சாதாரண சைக்கிளை விட மின் சைக்கிள் பாரமானது. பல வண்டிகளில் மோட்டர் பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அச்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமாயின் மின் வயரைப் பிரித்து, பெரிய நட்டுகளைத் தளர்த்தி, வாசர்களை ஒழுங்கு மாறாமல் திரும்பப் போடவேண்டும். வீதியோரத்தில் இது இலகுவல்ல. எனவே பஞ்சருக்குப் பயப்படுவது நியாயமே.

ஆனால் அதே மோட்டர் காரணமாகவே அதிர்ச்சியும் கூடிய கெடுதி செய்கிறது. பாரமான மோட்டரைத் தாங்குவது கம்பிகள்தாம். காற்றின் மெத்தை இல்லாமல் குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் கம்பிகளும் றிம்மும் அடி வாங்குகின்றன. ஒரு பஞ்சரை ஒட்டலாம். வளைந்த றிம்மை அப்படிச் சரிசெய்ய முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு

ஓடுபவர் 55 கிலோ, வண்டி 25 கிலோ, பாலும் கானும் 20 கிலோ, மொத்தம் 100 கிலோ என வைப்போம். வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர்.

நன்கு காற்றடித்த ரயருக்கு உருளல் தடைக் குணகம் 0.006 எனக் கொண்டால், உருள்வதற்கு மட்டும் சுமார் 33 உவாற்று வலு வேண்டும். எதிர்க்காற்றைக் கிழித்துச் செல்லச் சுமார் 62 உவாற்று. மொத்தம் 95.

காற்றில்லா ரயரில் உருளல் தடை இருமடங்கு எனக் கொண்டால், 33 என்பது 65 ஆகும். மொத்தம் 127. அதாவது ஒரே வேகத்தில் ஓட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வலு. முதல் ரயரில் 40 கிலோமீற்றர் ஓடிய பற்றறி, இரண்டாவதில் 30 கிலோமீற்றரில் இறங்கிவிடும்.

பற்றறி பழசாகி அதன் கொள்ளளவு முக்காற் பங்காகும் நாளை நினைத்துப் பாருங்கள். அப்போது 40 என்பது 30 ஆகும். 30 என்பது 22 ஆகும். நாம் கண்ட தாய் போய்வர 24 கிலோமீற்றர் ஓடவேண்டியவர். காற்றுள்ள ரயரில் அவர் வீடு வந்து சேருவார். மற்றதில் வீட்டுக்குச் சற்று முன்னரே பற்றறி தீர்ந்துவிடும்.

வித்தியாசம் ரயருக்கு ரயர் மாறும்; சிலவற்றில் இதைவிடக் குறையும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காற்றுக் குறைந்த ரயரிலும் உருளல் தடை கூடும். காற்றடிக்காமல் ஓடுபவர் காற்றுள்ள ரயரின் நன்மையைத் தாமே இழக்கிறார்.

நடுவழி ஒன்று உண்டு

பஞ்சர் எல்லாம் முள்ளால் வருவதல்ல. காற்றுக் குறைந்த சக்கரம் கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். தேய்ந்த ரயரினூடாகச் சிறு நெருஞ்சி முள்ளும் இறங்கும். கம்பி முனையை மூடும் பட்டி விலகினாலும் ரியூப் உட்புறமாகக் குத்துப்படும். இவற்றைத் தடுக்கலாம்.

வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது ரயரின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். மோட்டர் சைக்கிளுக்குரிய வால்வு உள்ள ரியூப்பாயின் எரிபொருள் நிலையத்திலும் காற்றடிக்கலாம். ஆனால் சிறிது சிறிதாக அடியுங்கள். சிறிய ரியூப் கணப்பொழுதில் நிறைந்து வெடித்துவிடும்.

பழைய ரயரை மாற்றும்போது, ஓடுபாகத்தின் அடியில் தடித்த காப்புப் பட்டி உள்ள ரயரைக் கேளுங்கள். தடித்த ரியூப்பும், வால்வு வழியாக ஊற்றும் ஓட்டையடைக்கும் திரவமும் உண்டு. சிறு முள் ஓட்டைகளை அத்திரவம் தானே அடைக்கும். காலப்போக்கில் காய்ந்துவிடுவதால் மீண்டும் ஊற்றவேண்டும்.

சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டும் முறை

1. பற்றறியின் ஆளியை நிறுத்தி, முடியுமானால் பற்றறியைக் கழற்றி வையுங்கள்.

2. வண்டியைச் சாய்த்து அல்லது தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி முள் அல்லது ஆணி தெரிகிறதா எனப் பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தைச் சோக்கினால் குறியிடுங்கள்.

3. மீதிக் காற்றை இறக்கி, ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பினால் றிம்முக்கு வெளியே எடுங்கள். மோட்டர் வயர் இல்லாத பக்கம் வசதியானது.

4. குறியிட்ட இடத்தில் ரியூப்பை வெளியே இழுத்து, சிறிது காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்.

5. அந்த இடத்தை உரஞ்சித் துடைத்து, பசை பூசி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டை வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரப் பசையில் வைத்த ஒட்டு நில்லாது.

6. ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, முள் இன்னும் இருக்கிறதா எனப் பாருங்கள். அதை எடுக்காமல் மூடினால் மீண்டும் பஞ்சர்தான்.

இரண்டு நெம்பு, ஒட்டுகள், பசை, உரஞ்சும் தாள், சிறிய பம் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். வீட்டில் ஒருமுறை பழகிப் பார்த்தவருக்கு வீதியில் பதற்றம் இராது.

யாருக்கு எது?

கிறவல் வீதியில், பாரத்துடன், நீண்ட தூரம் ஓடுபவருக்குக் காற்றுள்ள ரயரே உகந்தது; காப்புப் பட்டியும் பம்மும் துணையிருக்கட்டும். மட்டமான வீதியில், குறைந்த தூரம், மெதுவாக, பாரமின்றி ஓடுபவர், அதிலும் ஒட்டுப்போட உடல்நிலை இடங்கொடாதவர், காற்றில்லா ரயரைத் தெரிவு செய்யலாம். அப்படியானால் உங்கள் றிம்முக்கும் மொத்தப் பாரத்துக்கும் ஏற்றதா எனக் கேட்டு, அதே ரயர் போட்ட ஒருவரின் வண்டியை உங்கள் வீதியில் ஓடிப் பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.

பஞ்சர் எப்போதாவது வரும் தொல்லை; வரும்போது பெரிதாகத் தெரியும். அதிர்ச்சியும் பற்றறிச் செலவும் ஒவ்வொரு நாளும் வரும் தொல்லை, சத்தமில்லாமல் வரும். இரண்டையும் எண்ணிப் பார்த்த பின்பே முடிவு செய்வோம்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் குழுவில் மின் சைக்கிள் உள்ளவர்கள் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை பஞ்சர் கண்டனர்? ஒவ்வொன்றுக்கும் காரணம் முள்ளா, ஆணியா, காற்றுக் குறைவா, பழைய ரயரா?

2. ஒருவர் ஒரு நாளில் ஓடும் தூரத்தையும், ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரத்தையும் எழுதுங்கள். இடைவெளி எவ்வளவு?

3. ஒரு பம்மையும் ஒட்டுப் பெட்டியையும் கிராமத்தில் பொதுவாக வைத்திருந்தால் எங்கே வைக்கலாம்? யார் பொறுப்பு?

4. அடுத்த கூட்டத்தில், சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டும் முறையை ஒருவர் செய்து காட்டட்டும். பெண்களும் இளைஞரும் தம் கையால் செய்து பழகட்டும்.