புல்வெட்டும் டிரெக்டரில் முன் பக்கட்: பூட்டுமுன் ஒரு கணக்கு

ஹாட்வெயார் கடை, உமி வியாபாரம், பசளை விற்பனை, தென்னந்தும்பு என்று குவியலாகக் கிடக்கும் பொருளோடு தொழில் செய்பவர்களுக்குப் பெரிய செலவு எது என்று கேட்டால், பலரும் "அள்ளுகூலி" என்பார்கள். பெக்கோ இயந்திரம் வாங்க முதல் இல்லை. அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால், அது செய்யும் வேலைக்கு எமது முற்றம் போதாது. ஆகவே ஹோட்டல்களும் விளையாட்டு மைதானங்களும் கழித்துவிடும் ஒரு புல்வெட்டும் டிரெக்டரை மலிவாக வாங்கி, வெல்டிங் கடையில் முன்னால் ஒரு பக்கட் அடித்துப் பூட்டினால் என்ன என்ற யோசனை இயல்பாகவே வருகிறது. யோசனை தவறானதல்ல. ஆனால் அந்த வண்டி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஜோன் டியர் நிறுவனம் 1963இல் 7 குதிரைவலுவோடு '110' என்ற சிறு டிரெக்டரை வெளியிட்டது. வீட்டுத் தோட்டத்தில் புல்வெட்டுவதுதான் இவ்வகை வண்டிகளின் முதல் வேலை. இன்றைய வண்டிகளில் 15 முதல் 25 குதிரைவலு வரை இருக்கலாம். ஆனால் வலு கூடியதால் உடம்பும் கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சாதாரண புல்வெட்டும் டிரெக்டர் ஒன்றின் எடை 200 கிலோ அளவுதான். சட்டம் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. வயலில் உழும் நான்கு சில்லு உழவு இயந்திரத்தோடு இதை ஒப்பிடுவது ஆட்டுக்கடாவை எருதோடு ஒப்பிடுவது போன்றது.

இப்போது நெம்புகோல் கணக்குக்கு வருவோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 120 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பக்கட்டின் நடு முன் அச்சிலிருந்து 60 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது. பக்கட்டும் அதிலுள்ள பொருளும் சேர்ந்து 100 கிலோ. முன் அச்சில் ஏறும் கூடுதல் பாரம் 100 கிலோ என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது 150 கிலோ. மீதி 50 கிலோ எங்கிருந்து வந்தது? பின் சில்லுகளிலிருந்து கழன்று முன்னால் வந்தது. கெடுதி இரட்டிப்பாகிறது: சிறிய முன் சில்லுகளும் ஸ்டியரிங் பாகங்களும் நசுங்குகின்றன, வண்டியைத் தள்ளும் பின் சில்லுகள் பிடிப்பை இழந்து சுழல்கின்றன. இவ்வண்டிகளில் பிறேக்கும் பின் சில்லுகளில்தான் வேலை செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. பின்பக்கம் இலேசானால் ஓட்டமும் போகும், நிறுத்தமும் போகும்.

இதற்கு மருந்து பின்னால் எதிர்ப்பாரம். பின் அச்சுக்கு 50 சென்ரிமீற்றர் பின்னால் சுமார் 35 கிலோ தொங்கவிட்டால் பின் சில்லுகள் இழந்த 50 கிலோவும் திரும்புகிறது, முன் அச்சிலும் 15 கிலோ அளவு குறைகிறது. பின் டயருக்குள் தண்ணீர் நிரப்பும் வழக்கமும் உண்டு. அது பிடிப்பைத் தரும், ஆனால் முன் அச்சின் சுமையைக் குறைக்காது. ஆகவே தொங்கும் பாரமே மேல்.

வியாபாரிக்கு இனித்தான் முக்கியமான இடம். மேலே சொன்ன 100 கிலோவில் பக்கட்டே 30 கிலோ என்றால் பொருளுக்கு மிஞ்சுவது 70 கிலோ. உலர்ந்த மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ, ஈரமானது 50 கிலோவைத் தாண்டும். அதாவது ஒரு தடவைக்கு ஒன்றரைக் கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. அறுபத்தைந்து தடவைக்கு மேல் போய்வர வேண்டும்! தடவைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். எஞ்சின் மணிக்கு 3 முதல் 5 லீட்டர் வரை பெற்றோல் குடிக்கும். ஒரு தள்ளுவண்டியிலேயே இரண்டு கன அடி மணல் போகும். மணல், கல், சீமெந்து வியாபாரிக்கு இந்த இயந்திரம் இலாபம் தராது என்றே நான் சொல்வேன்.

உமி வேறு கதை. ஒரு கன அடி உமி 3 கிலோ அளவுதான். ஆறு கன அடி பக்கட் நிறைய அள்ளினாலும் 20 கிலோ வராது. ஒரு கியூப் உமி பதினேழு தடவையில் முடிந்துவிடும். மரத்தூள், காய்ந்த இலைகுழை, தும்புச்சோறு ஆகியவையும் உலர்ந்திருக்கும்வரை இவ்வகைதான். மழையில் நனைந்த தும்புச்சோற்றை மட்டும் உமியோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள், அது தண்ணீரைக் குடித்துப் பலமடங்கு கனக்கும். பக்கட்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் பொருளின் எடையே. உமிக்கென்று அடித்த பெரிய பக்கட்டில் ஒரு நாள் அவசரத்துக்கு மணலை அள்ளினால் அன்றோடு முன் அச்சு போய்விடும்.

இன்னொரு விடயம். கையால் நெம்பியோ பற்றரியில் ஓடும் சிறு மோட்டாராலோ தூக்கப்படும் இத்தகைய பக்கட் தரையிலிருந்து சற்றே எழும்பும், அவ்வளவுதான். லொறித் தட்டின் உயரத்துக்கு அது வராது. முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்தத்தான் அது உதவும். லொறிக்கு ஏற்றுவதே உங்கள் தேவையென்றால் ஹைட்ரோலிக் பூட்டிய, நான்கு சில்லும் இழுக்கும் சிறிய உழவு இயந்திரத்தைப் பார்ப்பதே புத்தி.

வெல்டிங் கடையில் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பக்கட்டின் கைகளை வண்டியின் முன் தகட்டில் மட்டும் ஒட்டவிடக் கூடாது. முன்னிருந்து பின் அச்சுவரை செல்லும் தனி இரும்புச் சட்டம் அடித்து, அதில் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். குவியலில் மோதும் தள்ளுவிசை அப்போதுதான் வண்டி முழுதும் பகிரப்படும். வண்டிக்குக் கீழேயுள்ள புல்வெட்டும் தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதன் எடையும் மிச்சம், அலகின் ஆபத்தும் இல்லை. உதிரியான குவியலில் மட்டும் பக்கட்டை இறக்குங்கள். இறுகிய மண்ணைத் தோண்ட முயன்றால் கியர் பெட்டி சூடாகிச் செத்துவிடும், புதிய கியர் பெட்டியின் விலை சில வேளை பழைய வண்டியின் விலையையே எட்டும்.

ஓட்டுபவருக்கு: பாரத்தோடு போகும்போது பக்கட் தரைக்குச் சற்று மேலே இருந்தால் போதும். முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடுவதால், உயர்த்திய பக்கட்டோடு திருப்பினால் வண்டி பக்கவாட்டில் சரியும். சரிவில் குறுக்கே ஓட்டவே கூடாது. ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும், அதாவது பக்கட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கும்படி ஓட்ட வேண்டும். ஆசனத்துக்குக் கீழேயுள்ள சுவிச், ஆள் எழும்பினால் எஞ்சினை நிறுத்துவதற்கானது. தொல்லையாக இருக்கிறதென்று வயரைச் சேர்த்துக் கட்டிவிடும் வேலை எமது கராஜ்களில் நடப்பதுண்டு. வண்டி வாங்கும்போதே ஓடும் எஞ்சினோடு ஒரு முறை எழும்பிப் பாருங்கள், நிற்காவிட்டால் அதைச் சரிசெய்யும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.