கண்ணாடி சூடாகணும், வயர் சூடாகக் கூடாது

சுங்குவார்சத்திரம் வழியாகப் போகும் கார் கேரியர் லாரிகளை நாம் தினமும் பார்க்கிறோம். நம்மைச் சுற்றித் தயாராகும் கார்களில் ஒரு பகுதி வெளிநாடு போகிறது. 2010-ல் ஒரகடத்தில் உற்பத்தி தொடங்கிய நிசான் மைக்ரா, எண்ணூர் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அந்த ஊர்க் குளிரில் சைடு மிர்ரர் மேல் பனி உறையும். அதனால் சூடாகும் மிர்ரர் அங்கே சாதாரண வசதி. நம் சமவெளியில் உறைபனி இல்லைன்னாலும் ஐப்பசி மழை இருக்கு, ஊட்டி பனிமூட்டம் இருக்கு. மிர்ரர் தெளிவா தெரியலைன்னா லேன் மாறுறதே ஆபத்துதான்.

மிர்ரர் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஹீட்டர் பேடில் ரெண்டே பின். 12 வோல்ட் கொடுத்தா சூடாகும். "அப்புறம் என்ன, ஒரு சுவிட்ச் போட்டா முடிஞ்சுதே?" என்று தோன்றும். வேலை செய்வது வேறு, பத்து வருஷம் பத்திரமா வேலை செய்வது வேறு. அதைப் படிப்படியா பார்ப்போம்.

முதலில் கணக்கு

மல்டிமீட்டரில் ஒரு பேடை அளந்தால் 10 ஓம் காட்டுதுன்னு வெச்சுக்குங்க. இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். அப்போ ஒரு மிர்ரருக்கு 1.4 ஆம்பியர், அதாவது சுமார் 20 வாட். ரெண்டுக்கும் சேர்த்து 2.8 ஆம்பியர்.

இரண்டையும் பேரலலாகத்தான் இணைக்கணும். சீரிஸில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 7 வோல்ட்தான் கிடைக்கும், வெப்பம் கால்வாசியாகக் குறையும். சில பேடுகள் பி.டி.சி. வகை. சூடாக ஆக அவற்றின் மின்தடை கூடும். அவற்றை ஓம் அளந்து மட்டும் முடிவு செய்யாமல், ஓடும்போது கரண்ட்டையும் அளந்து பாருங்க.

ஃபியூஸ் யாரைக் காப்பாத்துது?

பலர் 'ஹீட்டரை' என்பார்கள். இல்லை, ஃபியூஸ் காப்பாத்துவது வயரை. மிர்ரருக்குப் போகும் வயர் கதவு கீல் வழியாகப் போகுது. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது வளையுது. என்றாவது ஒரு நாள் இன்சுலேஷன் தேய்ந்து செம்பு பாடியில் படலாம். அந்தப் பாதையின் மொத்த மின்தடை 0.1 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 120 ஆம்பியர் பாயும். கணக்குப் போட்டால் 1440 வாட். கிட்டத்தட்ட ஒரு இண்டக்ஷன் அடுப்பின் சூடு, பெரும்பகுதி அந்த மெல்லிய வயரிலேயே! ஃபியூஸ் இல்லைன்னா வயரே ஃபியூஸாகிவிடும்.

விதி இதுதான்: லோடு கரண்ட்டை விட ஃபியூஸ் பெரிசு, ஃபியூஸை விட வயரின் தாங்கும் திறன் பெரிசு. நம் 2.8 ஆம்பியருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸும் 0.75 சதுர மி.மீ. வயரும் போதும். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்க. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு 20 ஆம்பியர் மாட்டினால், பிரச்சினையை ஃபியூஸிலிருந்து வயருக்கு மாத்தியிருக்கோம், அவ்வளவுதான்.

ரிலே எதற்கு?

டேஷ்போர்டின் சின்ன சுவிட்ச்கள் பல, சிக்னல் அனுப்ப மட்டுமே செய்யப்பட்டவை. அதன் வழியே முழு லோடு கரண்ட் போனால் கான்டாக்ட் கருகும். அதனால் சுவிட்ச் ரிலே காயிலை மட்டும் இயக்கட்டும். காயில் 90 ஓம் என்றால் அதுக்குச் சுமார் 0.15 ஆம்பியர்தான் வேணும்.

நான்கு கால் ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும்:

30: பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக.
87: இங்கிருந்து ரெண்டு மிர்ரருக்கும் பிரியும். மிர்ரரின் மறுமுனை எர்த்.
86: இக்னிஷன் ஆன் செய்தால் மட்டும் உயிர் வரும், ஃபியூஸ் உள்ள லைனிலிருந்து, சுவிட்ச் வழியாக.
85: எர்த்.

ரிலேக்குள் டயோடு இருந்தால் 86-ல் பாசிட்டிவ், 85-ல் நெகட்டிவ் என்பது மாறக் கூடாது. மூடியில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு இணையுங்க.

86-க்கு ஏன் இக்னிஷன் லைன்? நேரா பேட்டரியிலிருந்து எடுத்து, ராத்திரி அணைக்க மறந்தால் 12 வோல்ட்டில் 2.4 ஆம்பியர், 10 மணி நேரம்: 24 ஆம்பியர்-மணி காலி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் போச்சு. காலையில வண்டி ஸ்டார்ட் ஆகுறதே சந்தேகம்.

கம்பெனி சுவிட்ச் வாங்கினால்

புதிய கார்களில் இந்தப் பட்டன் பெரும்பாலும் அழுத்தி விட்டால் திரும்பி வரும் வகை. சில நிமிஷம் கழித்து ஹீட்டரை அணைப்பது கன்ட்ரோல் மாட்யூலின் வேலை. அந்தப் பட்டனை நேரா நம் ரிலேயில் மாட்டினால், விரலை எடுத்ததும் ஹீட்டர் நின்றுவிடும். ஒன்று, அழுத்தினால் நிற்கும் சுவிட்ச் வாங்குங்க. இல்லைன்னா ஒரு டைமர் ரிலே சேருங்க.

காரில் மாட்டும் முன் லேப் மேசையில் முழு சர்க்யூட்டையும் இணைத்து, அரை மணி நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்க. ஹீட்டரைத் தவிர வேறு எதுவும் சுடக் கூடாது. எங்கே சுடுதோ, அங்கே கிரிம்ப் சரியில்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு: இதே ரிலேயில் 14 ஆம்பியர் இழுக்கும் பின் கண்ணாடி ஹீட்டரையும் சேர்க்கணும். ஃபியூஸ், வயர், ரிலே, சுவிட்ச் இந்த நான்கில் எதை மாத்தணும், எதைத் தொடவே வேண்டாம்? விடை தெரிஞ்சா ரிலே புரிஞ்சாச்சு.